பிரிகைக் குழாயின் வரலாறு: ஹெச்பிஎல்சி ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல் பக்கம் மருந்து, உணவு, துணி என எதைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு ஹெச்பிஎல்சி கருவியாவது ஓடிக்கொண்டிருக்கும். கரைத்த கலவையை உயர் அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே செலுத்தி, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி அது. கருவிக்கு அளவுத்திருத்தச் சான்று இருக்கிறது. தராசுக்கு இருக்கிறது, பிப்பெட்டுக்குக்கூட இருக்கிறது. கலவையைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிற அந்த ஒரு சாண் நீள எஃகுக் குழாய் மட்டும் பல இடங்களில் இழுப்பறைக்குள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இது எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்தல். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆய்வகத்தில் நாம் எல்லோரும் இதைக் ‘காலம்’ என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் அது நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு குழம்புகிறது. அதனால் இங்கே ‘பிரிகைக் குழாய்’, சுருக்கமாகக் ‘குழாய்’.

குழாய் ஒரு நுகர்பொருள்தானே? அதற்கு எதற்குத் தனி எண், தனிப் பதிவு?

வாங்கும் கணக்கில் நுகர்பொருள்தான். ஆனால் வடிதாளை ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடுகிறோம். குழாயை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் மாதிரியில் இருந்த ஏதோ கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

1903இல் வார்சாவில் மிகயில் ஸ்வெட் இந்த முறையை முதன்முதலில் விளக்கியபோது இந்தச் சிக்கலே இல்லை. அவர் சுண்ணாம்புத் தூள் போன்ற பொருள்களைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, இலைச் சாற்றை ஊற்றிப் பிரித்தார். வண்ணப் பட்டைகள் தெரிந்ததும் உள்ளிருந்த தூளை அப்படியே வெளியே தள்ளிக் கத்தியால் அறுத்து எடுத்தார். ஒரு சோதனையோடு அந்தக் குழாயின் கதை முடிந்தது. நம் குழாயின் கதை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அதனால்தான் அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டு விரலி மஞ்சளின் சாற்றை சி18 குழாயில் (பதினெட்டு கார்பன் சங்கிலி பிணைந்த சிலிக்காத் துகள் நிரப்பியது) செலுத்தினால் பிஸ்டெமெத்தாக்சிகுர்குமின், டெமெத்தாக்சிகுர்குமின், குர்குமின் என மூன்று பீக்குகள் (வரைபட முகடுகள்) ஒன்றையடுத்து ஒன்றாக, நெருங்கிய பங்காளிகள் போல வரும். குழாய் தளர்ந்துவிட்டால் அவற்றின் அடிப்பகுதிகள் ஒட்டிக்கொள்ளும். ஒன்றின் பரப்பு இன்னொன்றின் கணக்கில் சேரும். மண்டியில் அந்தச் சரக்கின் விலையே குர்குமின் விழுக்காட்டைப் பொறுத்து அமையும்போது, எந்தக் குழாயில் சோதித்தீர்கள், அதற்கு முன் அதில் என்ன ஓடியது என்று கேட்க விவசாயிக்கும் வியாபாரிக்கும் உரிமை உண்டு. பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

குழாய்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

‘குழாய்ப் பதிவேடு’ என்று பெயர் சொல்லி அல்ல. சோதனையை மறுபடி நடத்திப் பார்க்கும் அளவுக்குப் பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் எல்லா விதிகளின் சாரமும். ஆய்வகங்களுக்கு என்ஏபிஎல் என்ற தேசிய வாரியம் தரும் அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017 என்ற சர்வதேசத் தரநிலை, மூலச் சூழலுக்கு இயன்றவரை நெருக்கமாகச் சோதனையைத் திரும்பச் செய்யப் போதுமான தகவல் தொழில்நுட்பப் பதிவுகளில் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் நிறுவனங்களுக்கு 21 சிஎஃப்ஆர் 211.194 என்ற அந்நாட்டு அரசு விதி, ஆய்வகப் பதிவுகள் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்திய அட்டவணை எம் (மருந்துத் தயாரிப்புத் தர விதிகள்) தர ஆய்வகத்தின் ஆவணங்கள் மீது முன்பைவிட அழுத்தம் வைக்கிறது. எந்தக் குழாய் என்று தெரியாமல் ஒரு ஹெச்பிஎல்சி சோதனையை மறுபடி நடத்த முடியாது. ஆக, விதியில் பெயர் இல்லாவிட்டாலும் கடமை இருக்கிறது.

புதுக் குழாய் பெட்டியைப் பிரித்ததும் முதலில் என்ன செய்வது?

கருவியில் மாட்டுவதற்கு முன் எண் கொடுங்கள். அந்த எண்ணைக் குழாயின் மேலேயே ஒட்டுங்கள். பெட்டியில் மட்டும் ஒட்டினால் இரண்டே வாரத்தில் பெட்டிகள் மாறிப்போகும். குழாயைச் சூடாக வைக்கும் ஓவனின் சூட்டுக்கும் கரைப்பான் துளிக்கும் அழியாத லேபிளாக இருக்கட்டும். தயாரிப்பாளரின் வரிசை எண், உள்ளே நிரப்பிய சிலிக்காவின் பேட்ச் எண், நீளம், உள்விட்டம், துகள் அளவு, யுஎஸ்பி என்ற அமெரிக்க மருந்துத் தரநூல் தரும் வகை (சி18 என்றால் எல்1, சி8 என்றால் எல்7), பெற்ற நாள், முதலில் பயன்படுத்திய நாள் ஆகியவை பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு. கூடவே வந்த தரச் சான்றிதழையும் அங்கேயே வையுங்கள்.

பிறகு அந்தச் சான்றிதழில் உள்ள அதே சோதனைக் கலவையை அதே நிலையில் உங்கள் கருவியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பலர் இதை வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பீக் விரிந்து வரும்போது கோளாறு குழாயிலா கருவியிலா என்று தெரிய, அதன் முதல் நாள் முகம் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் எதையெல்லாம் எழுத வேண்டும்?

நாள், கருவி எண், பொருள், பேட்ச் எண், சோதனை முறையின் எண், மொபைல் ஃபேஸ் (குழாய் வழியே ஓடும் கரைப்பான் கலவை), இன்ஜெக்‌ஷன் எண்ணிக்கை (குழாய்க்குள் எத்தனை முறை செலுத்தினோம்), தொடக்க அழுத்தம், சிஸ்டம் சூட்டபிலிட்டியில் (கருவியும் குழாயும் அன்றைய சோதனைக்குத் தகுதியா என்று பார்க்கும் ஓட்டம்) கிடைத்த பிளேட் எண்ணிக்கையும் (பிரிக்கும் திறனின் அளவு) டெய்லிங்கும் (பீக்கின் வால் நீளும் அளவு), கழுவிய விவரம், எந்தக் கரைப்பானில் வைத்தீர்கள், கையொப்பம். இதற்கு மேல் கட்டங்களைக் கூட்டாதீர்கள். இருபத்தைந்து கட்டம் உள்ள படிவத்தை மாலை ஆறு மணிக்கு யாரும் நேர்மையாக நிரப்ப முடியாது.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் எழுத முடியும் என்றால் அழுத்தத்தை எழுதச் சொல்வேன். குழாய் பழுதாவதை முதலில் சொல்வது பெரும்பாலும் அதுதான். அதே மொபைல் ஃபேஸ், அதே வேகம், அதே வெப்பநிலை. சென்ற மாதம் 140 பார், இந்த வாரம் 175, நேற்று 190. இந்த மூன்று எண்களும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் யாரும் சொல்லாமலே புரியும்.

இன்ஜெக்‌ஷன் எண்ணிக்கையில் பிளாங்க் (வெறும் கரைப்பான்), ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) எல்லாம் சேருமா? பாதியில் நின்ற சீக்வென்ஸ் (ஓட்டங்களின் வரிசை)?

எல்லாம் சேரும். குழாய்க்கு ஸ்டாண்டர்டும் ஒன்றுதான், மாதிரியும் ஒன்றுதான். பாதியில் நிறுத்திய சீக்வென்ஸில் ஓடியவரை கணக்கில் சேருங்கள். எண்ணிக்கையை நினைவிலிருந்தோ அச்சிட்ட திட்டத்தாளிலிருந்தோ எடுக்காதீர்கள். குரோமட்டோகிராம்களைப் பதிவு செய்யும் மென்பொருளிலிருந்து எடுங்கள். திட்டத்தில் 42 இருக்கும், உண்மையில் 37 ஓடியிருக்கும். ஆடிட்டர் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

ஆயிரம் இன்ஜெக்‌ஷன் ஆனதும் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். எண்ணிக்கை எச்சரிக்கை மணியாக இருக்கலாம், தீர்ப்பாக இருக்கக் கூடாது. தூய மருந்துப் பொருளை நடுநிலை பிஹெச்சில் ஓட்டும் குழாய் ஆயிரத்தைத் தாண்டியும் தெம்பாக இருக்கும். திருப்பூர்த் துணிச் சாயத்திலிருந்து பிரியும் அமீன்கள் என்ற தீங்கான வேதிப்பொருள்களைத் தேடும் குழாயோ, அழுக்கைத் தடுக்கும் சிறு காப்புக் குழாய் முன்னால் இல்லையென்றால், சில நூறிலேயே திணறும். ஐரோப்பாவின் ரீச் என்ற வேதிப்பொருள் விதிப்படி தடைசெய்யப்பட்ட அந்த அமீன்களுக்கு வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். அந்த வரம்பின் அருகே ஓர் எண்ணைக் கையொப்பமிட்டுக் கொடுக்கும்போது குழாயின் வயதைவிட அன்றைய அதன் திறன்தான் முக்கியம்.

சாதாரண சிலிக்காக் குழாய் பிஹெச் 2க்கும் 8க்கும் இடையில்தான் நிம்மதியாக இருக்கும். கீழே போனால் பிணைந்திருக்கும் கார்பன் சங்கிலிகள் கழன்று போகின்றன, மேலே போனால் சிலிக்காவே கரைகிறது. உங்கள் முறை எந்த ஓரத்தில் ஓடுகிறது என்பதையும் பார்த்துத்தான் ஆயுளை மதிப்பிட வேண்டும். முறையில் சொன்ன பிளேட் எண்ணிக்கை, டெய்லிங், பிரிதிறன் ஆகிய வரம்புகளுக்குச் சற்று முன்பாக ஓர் எச்சரிக்கை எல்லை வைத்து, அதைத் தொட்டதும் மாற்றுக் குழாய்க்கு ஆர்டர் போடுங்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

கழுவி வைப்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகம். போகி அன்று மாலை. பாஸ்பேட் பஃபரில் (உப்பு கரைந்த நீர்க் கரைசல்) ஒரு நீண்ட சீக்வென்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, முடிய இரவு ஒன்பது மணியாகும். அதைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பிக்குத் தாராபுரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாலு மணிக்கே பதிவேட்டில் ‘கழுவி அசிட்டோநைட்ரைலில் வைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டான். இரவுப் பணியில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான். சொல்ல மறந்துவிட்டான்.

பொங்கல், பட்டிப்பொங்கல், பூப்பறிக்கும் நோன்பு எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் வந்து பம்பை ஓட்டினோம். அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 380 பாரைத் தொட்டது. நிறுத்திவிட்டு, குழாயின் முனை நட்டை ஸ்பேனரால் கழற்றினேன். ஃபிரிட் என்ற முனை வடிகட்டியின் மேல் கல்லுப்பை நுணுக்கித் தூவியது போல வெள்ளைப் படிகங்கள். விரல் நுனியால் தொட்டால் நறநறவென்றது.

குழாய் போனது பெரிதல்ல. பதிவேட்டில் ‘கழுவப்பட்டது’ என்று இருக்கிறது, மென்பொருளின் தணிக்கைத் தடத்தில் கழுவியதற்கான ஓட்டமே இல்லை. ஒரு வரி பொய் என்று தெரிந்துவிட்டால் அதே கையொப்பம் உள்ள மற்ற வரிகளை யார் நம்புவார்கள்? எட்டு மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாக மென்பொருளோடு ஒப்பிட்டோம். மூன்று வாரம் ஆயிற்று. இன்னும் இரண்டு இடங்களில் இதே போல இருந்தது, எழுதியது வேறு ஆட்கள்.

அந்தத் தம்பி பொய்யன் அல்ல. செய்யப்போவதைச் செய்ததாக எழுத இடம் கொடுத்தது எங்கள் படிவமும் எங்கள் பழக்கமும்தான். அதற்குப் பிறகு இரண்டே மாற்றங்கள் செய்தோம். கழுவும் முறையைச் சீக்வென்ஸின் கடைசி வரியாகவே சேர்த்துவிடுவது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். பதிவேட்டின் ‘கழுவியது’ கட்டத்தை மறுநாள் காலை, மென்பொருளில் அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகே, பார்த்த நேரத்தோடு நிரப்புவது.

சரியான கழுவும் முறை எது?

பஃபர் ஓடிய குழாயில் நேராக நூறு விழுக்காடு அசிட்டோநைட்ரைலை விடக் கூடாது. உப்பு உள்ளேயே படிந்துவிடும். முதலில் 90 பங்கு தண்ணீர், 10 பங்கு அசிட்டோநைட்ரைல். 250 × 4.6 மில்லிமீட்டர் குழாயின் உள்ளே கரைப்பான் நிற்கும் இடம் ஏறத்தாழ இரண்டரை மில்லிலிட்டர். அதைப் போல இருபது மடங்கு, அதாவது 50 மில்லி. நிமிடத்துக்கு 1 மில்லி வேகத்தில் ஐம்பது நிமிடம். அதன் பிறகு அசிட்டோநைட்ரைலை உயர்த்தி, தயாரிப்பாளர் சொன்ன கரைப்பானில் மூடியிட்டு வையுங்கள். வெறும் தண்ணீரில் வைக்காதீர்கள். நுண்ணுயிர் வளரும், சாதாரண சி18 துகள்களின் நுண்துளைகளிலிருந்து கரைப்பான் வெளியேறி ரிட்டென்ஷனும் (பொருளைக் குழாய் தக்கவைக்கும் தன்மை) சரிந்துவிடும்.

மஞ்சள் போன்ற பிசின் மிகுந்த மாதிரிகளுக்கு இது போதாது. காப்புக் குழாயைக் கழற்றிப் பாருங்கள், முகப்பே மஞ்சளாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வலுவான கரைப்பான் சிறிது நேரம் போகும்படி முறையை அமைப்பது நல்லது.

சிறுவாணித் தண்ணீரே இவ்வளவு சுவையாக இருக்கிறதே, அதை வடிகட்டிப் பயன்படுத்தலாமா?

குடிக்க அதற்கு ஈடில்லை. ஹெச்பிஎல்சிக்கு ஆகாது. நமக்கு வேண்டியது 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் மின்தடை உள்ள தண்ணீர். நம் பகுதிப் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் கடினமும் உப்பும் மிகுந்தது. சுத்திகரிப்புக் கருவியின் வடிகட்டிகள் தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்கு முன்பே தீர்ந்துபோகலாம். அழுத்தம் எல்லாக் குழாய்களிலும் ஒரே வாரத்தில் ஏறினால் சந்தேகத்தைத் தண்ணீர் மேல் வையுங்கள். இதைக் கண்டுபிடிக்கவும் குழாய்ப் பதிவேடுதான் உதவும்.

சித்திரை வெயிலில் மட்டும் ரிட்டென்ஷன் டைம் குறைகிறது. குழாய் பழுதா?

பெரும்பாலும் இல்லை. பல கருவிகளின் ஓவன் சூடாக்கும், குளிர்விக்காது. முறை 25 டிகிரி கேட்கிறது. ஈரோட்டிலோ கரூரிலோ நடுப்பகலில் ஏசி திணறி அறை 31 டிகிரிக்கு வந்துவிட்டால் ஓவன் என்ன செய்யும்? ஒவ்வொரு டிகிரிக்கும் தக்கவைப்பு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறையும். அறை வெப்பநிலையைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். காலை ஓட்டம் சரியாகவும் மதிய ஓட்டம் தள்ளியும் இருந்தால் காரணம் அறையில்தான். முறையை உருவாக்கும்போதே 30 அல்லது 35 டிகிரியில் வைத்தால் நம் ஊருக்கு ஏற்றதாக இருக்கும். ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட முறையை மட்டும் நாமாக மாற்றக் கூடாது.

பதிவேட்டை எக்செல்லில் வைத்துக்கொள்ளலாமா?

யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் இல்லாத கோப்பில் வைப்பதைவிட, பக்க எண் அச்சிட்டுத் தைத்த தாள் பதிவேடு எவ்வளவோ மேல். தாளில் தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு, காரணம், சுருக்கொப்பம், தேதி. பழைய எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்னணுப் பதிவு வேண்டும் என்றால் அதற்குரிய மென்பொருளைச் சரிபார்த்து நிறுவுங்கள். அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 இதை 1997லிருந்தே கேட்கிறது. பல குரோமட்டோகிராபி மென்பொருள்களில் குழாய் எண்ணை உள்ளிட இடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஒரே குழாயைப் பல பொருள்களுக்குப் பயன்படுத்தலாமா?

தடை இல்லை, ஆனால் எழுதிய விதி வேண்டும். ஆக்டேன் சல்போனேட் போன்ற அயனிச் சோடிப் பொருள் (மின்னேற்றமுள்ள பொருள்களைக் குழாயில் தங்கவைக்கச் சேர்ப்பது) ஒரு முறை ஓடிய குழாயை அந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது முழுமையாக வெளியேறுவதில்லை. மாசுப்பொருள் சோதனைக்கும் முதன்மைப் பொருளின் அளவுச் சோதனைக்கும் தனித்தனிக் குழாய் வைப்பது நல்லது. மாசுப்பொருள் வேலைக்குத் தளர்ந்துபோன குழாயை எளிய சோதனைக்கு இறக்கிக்கொள்ளலாம், அந்த இறக்கம் தேதியோடும் ஒப்புதலோடும் பதிவாகியிருந்தால்.

சிஸ்டம் சூட்டபிலிட்டி தோற்றுவிட்டது. வேறு குழாய் மாட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் தோற்றதை மறைக்காமல். தோற்ற ஓட்டம் அப்படியே இருக்க வேண்டும், காரணம் எழுதப்பட வேண்டும், குழாய் மாற்றம் இரண்டு குழாய்களின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். தேர்ச்சி வரும்வரை மூன்று நான்கு குழாய்களை மாற்றிவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் காட்டுவது மோசடிக்குச் சமம்.

குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சோதிக்க வேண்டிய அதே பேட்ச்சின் மாதிரியைச் செலுத்திப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஸ்டாண்டர்டைப் பயன்படுத்துங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டுதல் இதைக் கேள்வி பதிலாகவே எடுத்துச் சொல்கிறது.

வரம்பு மீறிய முடிவு வந்தால் விசாரணையில் முதலில் குழாயின் பக்கத்தைத் திறங்கள். மாதிரி தயாரித்த பெண்ணை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கு முன்பு. குழாயின் குறைக்காகத் திட்டு வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்ற எந்தப் பதிவும் அன்று இருக்கவில்லை.

குழாயைத் திருப்பி மாட்டிக் கழுவலாமா?

தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும். டிடெக்டரில் இணைக்காமல், கழிவுப் பாத்திரத்துக்கு நேராக விட்டு, குறைந்த வேகத்தில். செய்ததை எழுதுங்கள்.

முறையில் சொன்ன அளவில் குழாய் கிடைக்கவில்லை. வேறு அளவு போடலாமா?

யுஎஸ்பி முறைகளில் ஓர் எல்லைக்குள் போடலாம். நீளத்தைத் துகள் அளவால் வகுத்து வரும் விகிதம், மூல விகிதத்திலிருந்து 25 விழுக்காடு குறைவுக்கும் 50 விழுக்காடு கூடுதலுக்கும் இடையில் இருக்க வேண்டும். 250 மில்லிமீட்டர், 5 மைக்ரான் என்றால் 50,000. 150 மில்லிமீட்டர், 3 மைக்ரானுக்கும் அதே 50,000. உள்ளே இருக்கும் பொருளின் வகை மாறக் கூடாது, சிஸ்டம் சூட்டபிலிட்டியும் தேற வேண்டும். நிறுவனத்தின் சொந்த முறை என்றால் மாற்றக் கட்டுப்பாட்டு ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.

ஓய்ந்த குழாயை என்ன செய்வது? அதன் பதிவேட்டை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

காரணத்தையும் கடைசி சூட்டபிலிட்டி எண்களையும் எழுதி, தர உறுதிப் பிரிவின் ஒப்பம் வாங்கி, குழாயில் சிவப்பு லேபிள் ஒட்டி, அன்றே பயன்பாட்டு அறையிலிருந்து வெளியேற்றுங்கள். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாயிற்றே என்று இழுப்பறையில் போட்டு வைத்தால், அவசரமான ஓர் இரவில் யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.

பதிவேட்டுக்குக் கணக்கு வேறு. அமெரிக்க விதிப்படி ஒரு பேட்ச் தொடர்பான பதிவு அதன் காலாவதி நாளுக்குப் பின் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். ஒரு குழாய் பல பேட்ச்சுகளைத் தொட்டிருக்கும். அவற்றில் எந்த பேட்ச் கடைசியாகக் காலாவதியாகிறதோ அதிலிருந்து எண்ணுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்த விதி அதைவிட நீண்டதாக இருந்தால் அதுவே பொருந்தும்.